பெயரை மாற்றும் முன் எழுதி வைப்போம்

2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அந்தச் சொல் இழிவின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் ஆகிவிட்டது என்பதே காரணம். அதே ஆண்டு அக்டோபரில், குடியிருப்புகள், தெருக்கள், சாலைகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதியை நீக்குவதற்கான அரசாணையும் வந்தது.

வரவேற்க வேண்டிய முடிவு. நேர்காணலில் முகவரியைப் பார்த்ததும் முகம் மாறுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ‘எந்தப் பக்கம் வீடு? ஊரா, காலனியா?’ என்று பேருந்தில் கேட்கிறவர் வழி கேட்கவில்லை, சாதி கேட்கிறார். அந்தப் பலகை போகட்டும்.

ஆனால் தோழர்களே, பலகையைக் கழற்றுவதற்கு முன்னால் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இருக்கும் ஒவ்வொரு சேரியின் பெயரையும், அதைச் சுற்றியுள்ள கொல்லை, கழனி, குட்டை, பாதை, சுடுகாடு, கல், மரம் ஆகியவற்றுக்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயர்களையும் நாமே எழுதி வைக்க வேண்டும். இழிவைச் சுமந்த பெயருக்கு உள்ளேயே நிலத்தின் ஆதாரமும் இருக்கிறது. பெயரோடு சேர்ந்து அதுவும் அழிந்துபோனால், நாளை வழக்கு மன்றத்தில் நம் கையில் எதுவும் இருக்காது. வரலாறு எழுத உட்காரும் நம் பிள்ளைகளுக்கும் எதுவும் கிடைக்காது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

‘சேரி’ எப்போது நம்முடையது ஆனது?

சேரி என்றால் முதலில் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறைக்காகப் பலராலும் கொண்டாடப்படுகிறது. அந்தப் பிராமண ஊரில் 30 குடும்புகளும் 12 சேரிகளும் இருந்ததை அதே கல்வெட்டுதான் சொல்கிறது. அங்கே சேரி என்பது பிராமணர்கள் குடியிருந்த பகுதி. நமக்குப் பக்கத்திலிருக்கும் புதுச்சேரியின் பெயரிலும், சென்னையின் வேளச்சேரியிலும் இருப்பது இதே சொல்தான். அங்கே குடியிருப்பவர் யாரும் அதைக் கேட்டுக் கூனிக்குறுகுவதில்லை.

அதே சோழர் காலத்தில் இன்னொரு பட்டியலும் எழுதப்பட்டது. முதலாம் இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி இல்லாத இடங்கள் எவை என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதில் ஊர் நத்தம் தனி, பறைச்சேரி தனி. கம்மாணச்சேரி, ஈழச்சேரி, வண்ணாரச்சேரி என்று வரிசை போகிறது. தீண்டாச்சேரி என்ற சொல்லே அதில் இருக்கிறது. சுடுகாடும் இரண்டு: வெள்ளாளருக்கு ஒன்று, பறையருக்கு ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு இது.

இந்தப் பட்டியலை நாம் இரண்டு விதமாகப் படிக்கலாம். தீண்டாமையின் வயதைக் காட்டும் சான்று என்று படிக்கலாம். அது சரிதான். கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஊர் நத்தம் எப்படி ஒரு நிலமாக எல்லையோடு பதிவானதோ, அப்படியே சேரியும் பதிவாகியிருக்கிறது. யாரோ தயவு பண்ணி ஒதுக்கிய மூலையாக அது எழுதப்படவில்லை. ‘உங்களை நாங்கள்தான் குடிவைத்தோம்’ என்று பின்னாளில் மிராசுதாரர்கள் சொன்ன கதைக்கு எதிரான சான்று, நாம் கேட்கவே வெட்கப்படும் அந்தப் பெயரில் இருக்கிறது.

நம் வட்டாரத்தில் கல்வெட்டுக்குப் பஞ்சமில்லை. மண்டகப்பட்டுக் குடைவரை மகேந்திரவர்மன் பெயரைச் சொல்கிறது. எண்ணாயிரத்தில் இராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்கள் வேதமும் இலக்கணமும் படித்த கதையைக் கோயில் கல் சொல்கிறது. திண்டிவனம் என்ற பெயர் புளியங்காட்டைக் குறிக்கும் திந்திரிவனத்திலிருந்து வந்தது என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்தப் புளியங்காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்கள் எங்கே குடியிருந்தார்கள், அந்த இடத்தை என்னவென்று அழைத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பெரிய ஊர்களுக்குத் தல வரலாறு இருக்கிறது. சேரிக்கு வாய்மொழி மட்டும்தான்.

எல்லை தெரிந்தவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர்

கிராமத்தின் எல்லை யாருக்குத் தெரியும்? பழைய நிர்வாகத்தில் இதற்கு ஒரே பதில்தான்: வெட்டியானுக்கும் தலையாரிக்கும் தெரியும். எந்த வரப்பு யாருடையது, மதகிலிருந்து வரும் வாய்க்கால் எங்கே பிரிகிறது, கலிங்கல் தண்ணீர் எந்த ஓடையில் விழுகிறது, எல்லைக் கல் எந்தப் பனைமரத்தடியில் புதைந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஏரித் தண்ணீரைக் கழனி கழனியாகத் திருப்பிவிட்டதும், அளவைக்காரர் வந்தால் சங்கிலி பிடித்து முன்னே நடந்ததும் சேரிக்காரர்கள்தான்.

இரண்டு கிராமங்களுக்கு எல்லைத் தகராறு வந்தால் என்ன செய்தார்கள் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறித்து வைத்திருக்கிறார்கள். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுதிகளிலும் அது இடம்பெற்றிருக்கிறது. பறையர் ஒருவர் தலையில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு எல்லை வழியே நடப்பார். அவர் நடந்த தடமே எல்லை. இரண்டு ஊராரும் அதை ஏற்றுக்கொள்வார்கள். தெருவில் நடக்க விடாதவர்கள், எல்லையைச் சொல்ல மட்டும் அவரை நடக்கவிட்டார்கள்.

ஆனால் நடந்தவர் எழுதவில்லை. எழுதியவர் கர்ணம். ஓலையிலும் பிறகு காகிதத்திலும் எந்தப் பெயர் ஏறுகிறது, எது விடுபடுகிறது என்பதைக் கர்ணத்தின் எழுத்தாணிதான் முடிவு செய்தது. கர்ணத்தின் பதவியும் பரம்பரை, வெட்டியானின் வேலையும் பரம்பரை. அறிவு ஒரு பரம்பரையில் இருந்தது, ஆவணம் இன்னொரு பரம்பரையில் இருந்தது. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தபோது, கணக்குப் புத்தகங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போயின. குடம் தூக்கி நடந்தவரின் நினைவை வாங்கி வைக்க எந்த அலுவலகமும் இல்லை.

1815-இல் இந்தியாவின் தலைமை நில அளவையாளர் ஆன காலின் மெக்கன்சி ஊர் ஊராக ஆளனுப்பி வரலாறுகளைத் திரட்டினார். தென்னார்க்காடு மாவட்டத்துக்கு 1878-இல் கார்ஸ்டின் ஒரு கையேடு எழுதினார். 1906-இல் டபிள்யூ. பிரான்சிஸ் கெஜட்டியர் எழுதினார். படிக்க வேண்டிய நூல்கள்தாம். ஆனால் அவர்களுக்குத் தகவல் சொன்னவர்களில் பெரும்பாலோர் கோயில்காரர்களும், கர்ணங்களும், நிலம் வைத்திருந்தவர்களும்தான். சேரியில் உட்கார்ந்து ‘இந்த இடத்துக்கு என்ன பேர்?’ என்று கேட்பது அவர்கள் திட்டத்தில் இல்லை.

வீட்டு மனையும் பஞ்சமி நிலமும்

பெயருக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு நம் வட்டாரத்தை ஒட்டிய செங்கல்பட்டில்தான் முதலில் அரசாங்கத்தின் மேசைக்கு வந்தது. அங்கே ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையின் ஆணிவேரான செய்திகளில் ஒன்று வீட்டு மனை. சேரி இருக்கும் தரையே தங்களுடையது என்று மிராசுதாரர்கள் சொந்தம் கொண்டாடினார்கள். கூலி கேட்டாலோ, வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனாலோ, ‘குடிசையைப் பிரித்துக்கொண்டு போ’ என்று சொல்லிவிடலாம். காலுக்குக் கீழே உள்ள மண் தன்னுடையது இல்லாதபோது, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாது. மிஷனரிகளும் இதைத்தான் அரசுக்கு எழுதினார்கள். ரூபா விஸ்வநாத்தின் ‘தி பரையா பிராப்ளம்’ (2014) இந்த வரலாற்றை விரிவாகப் பேசுகிறது. சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகள் தவறாமல் படிக்க வேண்டும்.

1892 செப்டம்பர் 30 அன்று வந்த 1010 எண் கொண்ட வருவாய்த்துறை ஆணையோடு, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கும் வரலாறு தொடங்குகிறது. இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். ஆவணத்தில் டி.சி. நிலம், நிபந்தனை ஒப்படை என்று இருக்கும். முதல் 10 ஆண்டுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ கூடாது, அதற்குப் பிறகு கைமாற்றினாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டது என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு.

அந்த நிலமெல்லாம் எங்கே? கடனுக்குப் போனது, சாராயத்துக்குப் போனது, மிரட்டலுக்குப் போனது, வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டுக்குப் போனது. கடைசி அடி 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம். நம் மக்கள் யூ.டி.ஆர். என்று சொல்வார்கள். ஏக்கர் ஹெக்டேர் ஆனது, பழைய எண்கள் உட்பிரிவு ஆயின, அனுபவத்தில் யார் இருக்கிறாரோ அவர் பெயருக்குப் பட்டா ஏறியது. புதிய அ-பதிவேட்டில் பல இடங்களில் டி.சி. என்ற இரண்டு எழுத்து காணாமல் போனது. இரண்டு எழுத்துப் போனதும் நிலமே போனது.

இந்த இடத்தில்தான் வாய்மொழிப் பெயர் உதவிக்கு வருகிறது. பதிவேட்டில் அந்தத் துண்டு இன்று ஒரு தனியாரின் புன்செய். ஆனால் பக்கத்துச் சேரியின் ஆயா அதைத் தன் மாமனாரின் அப்பா பெயரைச் சொல்லி, இன்னாரின் கொல்லை என்று அழைக்கிறார். மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குப் போகும்போதும் அதே பெயரைத்தான் சொல்கிறார். நிலம் போய் இரண்டு தலைமுறை ஆகியும் பெயர் போகவில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் தேடினால், அந்த முப்பாட்டன் பெயர் ஒப்படை பெற்றவராக இருக்க வாய்ப்புண்டு. வாய்மொழிப் பெயர் தனியாக நின்றால் சான்று ஆகாது. ஆனால் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கும்.

இந்தப் போராட்டத்துக்கு நாம் கொடுத்த விலை சிறியது அல்ல. செங்கல்பட்டு வட்டாரத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள் அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள். நிலத்தின் மேல் ஒரு சிலையை நட்டால் அந்த இடம் நம் பெயரோடு சேர்ந்துவிடும் என்பது மக்களுக்கும் தெரிந்தது, அதை அகற்றியவர்களுக்கும் தெரிந்தது.

பங்குப் புத்தகத்தில் இருக்கும் சேரி

அரசுப் பதிவேட்டுக்கு வெளியே சேரியின் பெயர் எழுதப்பட்ட இன்னொரு இடம் தேவாலயம். திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷனுக்கு நிலையம் இருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் தந்தை அங்கே ஊழியம் செய்தவர். அந்த மிஷனின் ஆண்டறிக்கைகள் சபைகளைக் கிராமம் கிராமமாகப் பேசுகின்றன. கத்தோலிக்கர்களுக்குப் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் கீழ் பங்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் பதிவேடு உண்டு. அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் என்று எழுதியிருப்பார்கள். சொந்தப் பாட்டியின் பெயர்கூடத் தெரியாத ஒரு குடும்பம், ஐந்து தலைமுறையை அங்கே கண்டுபிடிக்க முடியும். பட்டா இல்லாத ஒரு குடும்பம் எத்தனை காலமாக அந்த இடத்தில் குடியிருக்கிறது என்பதற்கு அந்தப் பதிவேடு சான்று.

அதற்காகத் தேவாலயத்தை நாம் பூசிமெழுக வேண்டியதில்லை. ஞானஸ்நானம் சாதியைக் கழுவிவிடவில்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டம், உளுந்தூர்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த எறையூரை நினைத்துப் பாருங்கள். ஒரே மாதா, ஒரே பூசை. ஆனால் கல்லறை வேறு, பிணவண்டி வேறு, சவ ஊர்வலம் போகும் பாதையும் வேறு. தலித் கிறித்தவர்கள் சகாய மாதா பெயரில் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. கலவரத்தை அடக்கக் காவல்துறை சுட்டதில் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த இருவர் இறந்துபோனார்கள்.

எறையூரின் வரைபடத்தை யார் வரைந்தாலும் தேவாலயத்தைக் குறிப்பார்கள். எந்தத் தெரு வழியாகப் பிணம் போகலாம், எந்தத் தெரு வழியாகப் போகக்கூடாது என்பதைக் குறிக்க மாட்டார்கள். அந்தத் தகவல் சேரியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். நாம் தயாரிக்கும் பதிவில் இது இல்லாமல் போனால், அரசாங்கம் எழுதிய வரைபடத்தையே நாமும் இன்னொரு முறை எழுதியவர்கள் ஆவோம்.

பெயர் வைக்கும் உரிமை

பெயரை மாற்றுவது நமக்குப் புதிது அல்ல. பெயருக்காகப் போராடியவர்களின் பிள்ளைகள் நாம். ‘ஒரு பைசாத் தமிழ’னை 1907-இல் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், சொற்களையும் சடங்குகளையும் தோண்டி, இழிவாகச் சொல்லப்பட்டதற்கு அடியில் பௌத்தத்தின் தடம் இருப்பதாக வாதிட்டார். அவருடைய ஒவ்வொரு விளக்கத்தையும் நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அவர் காட்டிய முறை முக்கியம்: அவமானச் சொல்லைத் தூக்கி எறிவதற்கு முன், அதற்குள் என்ன புதைந்திருக்கிறது என்று பார்த்தார். 1922-இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவாக, பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்றது. இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் பொதுச் சாலையிலும் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை என்ற தீர்மானத்துக்காக அதே மன்றத்தில் போராடினார்.

மறுபுறம், நம்மைக் கேட்காமல் நம்மீது ஒட்டப்பட்ட பெயர்களும் உண்டு. ஹரிஜன் என்று காந்தி வைத்தார். ஹரிஜன் காலனி என்று அரசு பலகை மாட்டியது. வெள்ளைக்காரன் குடியேற்றத்துக்கு வைத்த சொல் அரசு கட்டித்தந்த தொகுப்பு வீட்டுக்கு வந்து, சேரிக்கே மறுபெயர் ஆகிவிட்டது. சேரியைக் காலனி என்று மாற்றியபோது இழிவு போகவில்லை, சொல் மட்டும் மாறியது. நாளைக்குக் காலனியை நகர் என்று மாற்றி, சுடுகாட்டுப் பாதையை அப்படியே விட்டுவிட்டால் இதேதான் நடக்கும். ஆகவே பெயரும் மாறவேண்டும், பாதையும் மாறவேண்டும். பாதை மாறவில்லை என்று காட்ட, பழைய பெயர் பதிவில் இருக்கவேண்டும்.

விழுப்புரம் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். 1978 ஜூலையில் இங்கே 12 தலித்துகள் படுகொலை செய்யப்பட்டார்கள். அந்தப் படுகொலை பற்றிய பதிவுகளில் பெரியபறச்சேரி என்ற பெயர் வருகிறது. இன்று ஒரு மாணவி அதைப் பற்றி ஆய்வு செய்ய வந்து, கைப்பேசி வரைபடத்தில் அந்தப் பெயரைத் தேடுகிறாள் என்று வையுங்கள். பழைய பெயர் இது, இன்றைய பெயர் இது, இடம் இது என்று ஒரே ஒரு வரி எங்காவது எழுதப்பட்டிருந்தால்தான் அவளால் அந்தத் தெருவில் போய் நிற்க முடியும். அந்த வரியை யார் எழுதுவது? கொன்றவர்களின் ஊர் எழுதாது.

எப்படிச் செய்யலாம்?

இதற்கு நிதி வேண்டாம், நிறுவனம் வேண்டாம். ஒரு சேரிக்கு நான்கு இளைஞர்கள், இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கைப்பேசி, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

முதலில் நடங்கள். பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு குடியிருப்பைச் சுற்றி நடந்து, அவர் சொல்லும் ஒவ்வொரு பெயரையும் அவர் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதுங்கள். தாங்கல் என்றால் தாங்கல், கொல்லமேடு என்றால் கொல்லமேடு. இலக்கணம் திருத்தாதீர்கள். ஒலிப்பதிவும் செய்துகொள்ளுங்கள். நிற்கும் இடத்தின் அமைவிடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெண்களைத் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் நிலமும் எல்லையும். தண்ணீர் எடுத்த கிணறு, விறகு பொறுக்கிய காடு, நாற்று நட்ட கழனி, இருட்டிய பிறகு போகக்கூடாத வழி ஆகியவை பெண்களுக்குத் தெரியும். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாக நட்ட சுமைதாங்கிக் கல் வழியோரத்தில் இருந்தால், அது யாருடைய நினைவு என்று கேளுங்கள். கல்லில் பெயர் வெட்டியிருக்காது. கிழவிக்குத் தெரிந்திருக்கும்.

இருளர் குடியிருப்புகளை விட்டுவிடாதீர்கள். ஏரிக்கரையிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் நாலைந்து வீடாக இருக்கும் அவர்களுக்குக் காலனி என்ற பெயர்கூட வாய்ப்பது அரிது. பெயர் இல்லாத குடியிருப்புக்கு விளக்கு வராது, குடும்ப அட்டை வராது, சாதிச் சான்றிதழுக்கும் அலைய வேண்டும்.

அடுத்து ஆவணம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவை இணையத்திலேயே கிடைக்கின்றன. எழுதிய பெயர்களுக்கு எதிரே புல எண்ணை இடுங்கள். பிறகு பழைய எண்ணைத் தேடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் பழைய நிலவரிப் பதிவேடுகள் உண்டு. அங்கே விழுப்புரம் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. இந்த மாவட்டம் 1993-இல்தான் பிறந்தது. தென்னார்க்காடு மாவட்டம், திண்டிவனம் தாலுகா அல்லது விழுப்புரம் தாலுகா என்று தேடவேண்டும். 2019-இல் பிரிந்த கள்ளக்குறிச்சிக்கும் இதுவே பொருந்தும். பங்குப் பதிவேடுகளைப் பார்க்கப் பங்குத் தந்தையிடம் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள்.

மூன்றாவது, கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. புதிய பெயரை அங்கே நாம் முன்மொழிவோம். அம்பேத்கரா, அயோத்திதாசரா, அந்தச் சேரியில் முதலில் பள்ளிக்கூடம் போன ஒரு பெண்ணா என்பதைச் சேரி முடிவு செய்யட்டும். ஆனால் தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: இந்தக் குடியிருப்பு இதுவரை இன்ன பெயரால் அழைக்கப்பட்டது, இதன் புல எண்கள் இவை, இதன் நத்தமும் பாதையும் சுடுகாடும் இவை. பலகையில் புதிய பெயர் மட்டும் இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் இரண்டும் இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. திரட்டியதை எல்லாம் உடனே முகநூலில் போட்டுவிடாதீர்கள். பஞ்சமி நிலம் பற்றிய தகவல் வெளியே தெரிந்தால், சொன்ன பெரியவருக்கு மறுநாளே கூலி வேலை நின்றுபோகலாம். சொன்னவர் பெயரை அவர் அனுமதியில்லாமல் எழுதாதீர்கள். மூன்று நகல் எடுத்து, ஒன்றைச் சேரியிலேயே வையுங்கள். அது அவர்களுடைய சொத்து. நம் முனைவர் பட்டத்துக்கான கச்சாப்பொருள் அல்ல.

காலம் குறைவாக இருக்கிறது. குடம் தூக்கி நடந்தவரைக் கண்ணால் பார்த்த தலைமுறை இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. பெயர் மாற்றும் கோப்புகள் ஒன்றியம் ஒன்றியமாக நகர்கின்றன. அடுத்த கிராம சபைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று பாருங்கள். அதற்குள் உங்கள் சேரியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிடுங்கள்.

ஜெய் பீம்.